127 பாகை: கணனி சொல்லும் சூட்டை எவ்வளவு நம்பலாம்? ஒரு சின்ன வரலாறு

 

வெயில் காலம் தொடங்கினால் எனக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். யாரோ ஒரு மென்பொருளைப் போட்டு, கணனியின் வெப்பநிலையைப் பார்த்து, திரையைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். ஒருவருக்கு 127 பாகை. "சேர், மெசின் எரியப் போகுதா?" இன்னொருவருக்கு நல்ல வெயில் நேரத்தில் 17 பாகை. "சேர், என்ட மெசின் நல்ல கூல்." முதலாமவர் பயப்படுகிறார், இரண்டாமவர் சந்தோசப்படுகிறார். இரண்டு எண்களும் நம்பத் தகாதவை.

இதில் விளையாட்டுக் கிடையாது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியதன் பிறகு கணனி உதிரிப்பாகங்களின் விலை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய் எண்ணை நம்பி நல்ல மதர்போர்டை மாற்றிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பொய் எண்ணை நம்பி, தூசு அடைத்த ஃபேனைக் கவனிக்காமல் விட்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் மாதத்தில் கணனியை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இந்த எண் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது என்று ஒருமுறை ஆறுதலாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நம் மத்ரஸாக்களில் ஓதிய பிள்ளைகளுக்கு இஸ்னாத் என்றால் என்னவென்று தெரியும். மற்ற உறவுகளுக்காகச் சொல்கிறேன்: நபிமொழி ஒன்றைக் கேட்டால் அறிஞர்கள் உடனே ஏற்பதில்லை. இதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகப் பரிசோதிப்பார்கள். அதோடு நிற்காமல், சொல்லப்பட்ட செய்தியும் உறுதியாகத் தெரிந்த மற்ற விடயங்களோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கணனி காட்டும் வெப்பநிலையும் ஒரு செய்திதான். அதற்கும் ஓர் அறிவிப்பாளர் வரிசை இருக்கிறது.

முதலில் அறிவிப்பாளரே இல்லாத காலம். 1985இல் இன்டெல் நிறுவனத்தின் 386 ப்ரொசசர் வந்தபோது அதன் மேல் ஃபேன் இல்லை. உலோகத் தகடும் பெரும்பாலும் இல்லை. சில வாட் மின்சாரம் மட்டுமே எடுத்தது, வெறும் காற்றிலேயே ஆறிவிடும். சூட்டை அளக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. 486இன் வேகமான வகைகளுக்கு ஹீட்சிங்க் தேவைப்பட்டது. 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் எடுத்தது. அப்போதிருந்து ஃபேன் கட்டாயமாகிவிட்டது. 2004இல் வந்த பென்டியம் 4 வகைகள் சில 100 வாட்டைத் தாண்டின. விரல் நகம் அளவான ஒரு சிலிக்கன் துண்டில் பழைய பெரிய மின்குமிழ் ஒன்றின் சூடு. அளக்காமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தது.

ஆனால் எங்கே அளப்பது? 1990களில் மதர்போர்டில் தனியாக ஒரு கண்காணிப்புச் சிப் வைக்கத் தொடங்கினார்கள். நஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம்.78 அப்படியான ஒன்று. ப்ரொசசரின் சொக்கட்டுக்கு நடுவே, அடிப்பக்கம் படும்படி ஒரு சின்னத் தெர்மிஸ்டர் நிற்கும். அது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு பொருள். அது அளந்தது ப்ரொசசரின் உள் சூட்டை அல்ல, அதன் அடிவயிற்றுச் சூட்டை. சில போர்டுகளில் அது ப்ரொசசரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அப்போது இடையில் நிற்கும் காற்றின் சூடும் கணக்கில் சேர்ந்துவிடும்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பது பழைய பிரச்சினை. சென்னை வானாய்வகத்தில் ஜோன் கோல்டிங்ஹாம் 1796இலேயே வானிலைப் பதிவுகளைத் தொடங்கினார். ஆனால் வெயிலில் தொங்கும் வெப்பமானி காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் மேல் விழும் வெயிலையும் சேர்த்தே சொல்லும். 1864இல் ஸ்கொட்லாந்தின் வெளிச்சவீட்டுப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் காற்று புகும் சட்டங்கள் கொண்ட ஒரு வெள்ளைப் பெட்டியை வடிவமைத்து, அதற்குள் வெப்பமானியை வைக்கச் சொன்னார். இன்றும் வானிலை நிலையங்களில் வெப்பமானி அப்படியான பெட்டிக்குள்தான் நிற்கிறது. கருவி நல்லதாக இருந்தாலும் அது நிற்கும் இடம் பிழைத்தால் எண் பிழைக்கும் என்பது அன்றே கற்ற பாடம்.

இப்போது அந்த 127இன் கதைக்கு வருவோம். கண்காணிப்புச் சிப்பில் வெப்பநிலைக்கென்று பல கால்கள் உண்டு. எந்தக் காலில் எதை இணைப்பது என்பதைப் போர்டு செய்யும் நிறுவனம் முடிவு செய்யும். சில கால்களில் எதையுமே இணைக்காமல் விட்டுவிடும். வெப்பநிலையை 8 பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதினால் வரக்கூடிய ஆகப் பெரிய எண் 127, ஆகச் சிறிய எண் கழித்தல் 128. க.பொ.த. சாதாரண தரத்தில் துவித எண்கள் படிக்கும் பிள்ளைகள் இதைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறுமையாக விடப்பட்ட கால் பெரும்பாலும் இந்த எல்லைகளில் ஒன்றைத்தான் காட்டும். ஸ்பீட்ஃபேன் போன்ற மென்பொருட்கள் போர்டு நிறுவனத்தின் வரைபடம் கையில் இல்லாமல், இருக்கும் கால்கள் எல்லாவற்றையும் வாசித்து வரிசையாகக் காட்டின. ஆகவே, அசையாமல் நிற்கும் 127ஐக் கண்டால் உங்கள் கணனி எரியவில்லை. அந்த இடத்தில் அறிவிப்பாளரே இல்லை.

அடுத்த கட்டம் ப்ரொசசருக்குள்ளேயே உணரியை வைத்தது. 1990களின் இறுதியில் பென்டியம் வகைகளுக்குள் வெப்பம் அறியும் டயோடு வந்தது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, சூடு எல்லை மீறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது. அதன் பெறுமதியை உலகம் கண்டது 2001 செப்டம்பரில். டொம்ஸ் ஹார்ட்வெயார் என்ற தளம் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொசசர்களின் மேல் இருந்த ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து ஓடிக்கொண்டே இருந்தது. பென்டியம் III உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன்கள் புகைந்து செத்தன. அவற்றில் புதிய வகை ஒன்றில் உள்ளே டயோடு இருந்தது. ஆனாலும் அது சொன்ன செய்தியைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்தப் போர்டுக்கு வேகம் போதவில்லை. அறிவிப்பாளர் உண்மையைச் சொல்லியும் கேட்பவர் அசையாவிட்டால் பயனில்லை.

2006இல் இன்டெல் கோர், கோர் 2 ப்ரொசசர்களோடு இலக்கமுறை உணரி வந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனி உணரி. இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. இந்த உணரி "நான் இத்தனை பாகையில் இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. "என் உச்ச எல்லைக்கு இன்னும் இத்தனை பாகை மிச்சம்" என்றுதான் சொல்லும். எல்லையைத் தொட்டால் பூச்சியம். கோர் டெம்ப் போன்ற மென்பொருள் அந்த உச்ச எல்லையில் இருந்து மிச்சத்தைக் கழித்து நமக்கு ஒரு வெப்பநிலையைக் காட்டுகிறது. உச்ச எல்லை 100, மிச்சம் 45 என்றால் திரையில் 55.

தலைகீழாக எண்ணுவது புதுமையான விடயம் அல்ல. 1742இல் சுவீடனின் அந்தேர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை முன்வைத்தபோது தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்றுதான் வைத்தார். 1744இல் அவர் இறந்த பிறகுதான் அது இன்றைய வடிவத்துக்குத் திருப்பப்பட்டது. அளப்பவனுக்கு எது முக்கியமோ அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறான். ப்ரொசசருக்கு முக்கியம் எரியும் எல்லை. அதனால் அங்கிருந்து எண்ணுகிறது.

பிரச்சினை என்னவென்றால், டெஸ்க்டொப் கோர் 2 வகைகளுக்கு அந்த உச்ச எல்லை எத்தனை என்று இன்டெல் முதலில் வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஊகித்தார்கள். ஒரே ப்ரொசசருக்கு ஒரு மென்பொருள் காட்டியதை விட மற்றது 10 பாகை வரை கூடக் காட்டிய காலம் அது. 2008இல்தான் இன்டெல் அந்த எண்களை வெளியிட்டது. அதே நேரம் 45 நனோமீற்றர் கோர் 2 வகைகள் சிலவற்றில் உணரி கீழ்ப்பக்கம் சிக்கிக்கொள்வதும் தெரியவந்தது. கணனி சும்மா நிற்கும்போது ஒரு எண்ணில் நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. இன்டெல் சொன்ன விளக்கம் நியாயமானது: அந்த உணரி எரியும் எல்லைக்கு அருகே காவல் நிற்கச் செய்யப்பட்டது. குளிர்ந்த பக்கத்தைத் துல்லியமாகச் சொல்வது அதன் வேலை அல்ல.

ஏ.எம்.டி. பக்கம் கதை வேறு. அவர்களுடைய அத்லோன் 64க்குப் பின்வந்த ஃபெனொம் கால ப்ரொசசர்கள் வெளியே சொல்லும் எண்ணே உண்மையான வெப்பநிலை அல்ல. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று கட்டளையிடுவதற்காக வைத்த ஒரு தனி அளவுகோல் அது. பாகை என்று எழுதியிருக்கும், ஆனால் எந்த இடத்தின் சூடும் அல்ல. அந்தத் தலைமுறையில் சில வகைகளின் உணரி முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் என்று நிறுவனமே தன் பிழைப் பட்டியலில் 319ஆம் இலக்கத்தில் ஒப்புக்கொண்டது. 2010இல் லினக்ஸில் வந்த வாசிப்பு மென்பொருள், அந்த வகைகளைக் கண்டால் நாம் வற்புறுத்தினால் தவிர வாசிக்கவே மறுக்கும்படி எழுதப்பட்டது. பலவீனமான அறிவிப்பாளர் என்று முத்திரை குத்தியது மாதிரி.

2017 மார்ச்சில் ரைசன் வந்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் வாங்கியவர்கள் சூட்டைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். சில நாட்களில் ஏ.எம்.டி. விளக்கியது: எல்லா ரைசன்களிலும் ஃபேன் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்த வகைகளில் வேண்டுமென்றே 20 பாகை கூட்டிச் சொல்ல வைத்திருக்கிறோம் என்று. 2700எக்ஸில் அது 10 பாகை. திரெட்ரிப்பர் 1950எக்ஸில் 27 பாகை. பின்னர் வந்த மென்பொருட்கள் இதைக் கழித்துக் காட்டப் பழகிவிட்டன. பழைய மென்பொருளை வைத்திருப்பவருக்கு இன்றும் 20 பாகை கூடத்தான் தெரியும்.

இந்த வரலாற்றுக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. உலகம் 386இல் இருந்து கோர் 2 வரை போன ஆண்டுகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தேசிய மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்தது. 2006இல் ஏ9 பாதையும் மூடப்பட்டது. 2009க்குப் பிறகு இடம்பெயர்ந்து திரும்பிய தமிழரும், 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய முஸ்லிம்களும் வாழ்க்கையைப் பாவித்த பொருட்களோடுதான் மீண்டும் தொடங்கினோம். கணனியும் அப்படித்தான் வந்தது. அன்பளிப்பாகவும் பாவித்த நிலையிலும் வந்த பென்டியம் 4, கோர் 2, பழைய ஏ.எம்.டி. பெட்டிகள். அதாவது வெப்பநிலை பற்றி ஆகக் கூடுதலாகக் குழப்பம் இருந்த தலைமுறையின் பெட்டிகள். மற்ற ஊர்கள் அந்தக் குழப்பங்களை ஒவ்வொன்றாகக் கண்டு கடந்தன. நம் கைக்கு அவை எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன, விளக்கம் மட்டும் கூட வரவில்லை.

சரி, இனி என்ன செய்வது? நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது.

ஒன்று: அறையின் சூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேன் அறைக் காற்றைத்தான் வீசுகிறது. அறைக் காற்று 33 பாகை என்றால் ப்ரொசசர் எந்தக் காரணம் கொண்டும் அதற்குக் கீழே போக முடியாது. சித்திரை மாத மதியத்தில் 17 பாகை காட்டும் எண்ணை, அறிவிப்பாளர் யார் என்று கேட்காமலே தள்ளிவிடலாம். செய்தியே உண்மைக்கு மாறானது. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். குளிர் நாட்டில் 20 பாகை அறையில் இருந்து எழுதியவர் சும்மா நிற்கும் கணனிக்கு 35 பாகை நல்லது என்பார். நம் 34 பாகை அறையில் அதே கணனி 49 காட்டும். அது நோய் அல்ல. நம் ஊர்.

இரண்டு: காலைச் சோதனை. இரவு முழுக்க அணைத்து வைத்த கணனியைக் காலையில் போட்டவுடன் பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். இரவில் எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்திருக்கும். போட்ட அந்த நிமிடமே 80, 90 என்று நின்றால் ஒன்றில் உணரி பொய், அல்லது ஹீட்சிங்க் சரியாகத் தொடவில்லை. எது என்பதை அடுத்த சோதனை சொல்லும்.

மூன்று: வேலை கொடுங்கள். பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கச் சொல்லலாம், காணொளி ஒன்றை மாற்றச் சொல்லலாம். உண்மையான உணரி சில விநாடிகளில் ஏறும், வேலையை நிறுத்தினால் இறங்கும். அசையாத எண் சிக்கிய உணரி. எல்லை வரை ஏறி நின்று, கணனியின் வேகமும் அதே நேரம் விழுந்தால் அந்தச் சூடு உண்மை. ப்ரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

நான்கு: இரண்டாவது சாட்சி கேளுங்கள். ஆனால் கவனம். மூன்று மென்பொருட்கள் ஒரே எண்ணைக் காட்டினால் அது மூன்று சாட்சிகள் அல்ல. மூன்றும் ஒரே உணரியைத்தான் வாசிக்கின்றன. ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு வந்த மூன்று பேர். ப்ரொசசருக்குள் இருக்கும் உணரி ஒன்று, போர்டில் இருக்கும் உணரி வேறு ஒன்று. அவை இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால்தான் அது இரண்டு சாட்சி.

ஐந்து: ப்ரொசசரின் முழுப் பெயரைப் பார்த்து, அதன் உச்ச வெப்பநிலை எத்தனை, கூட்டிச் சொல்லும் வகையா என்று நிறுவனத்தின் பக்கத்திலேயே தேடுங்கள். மென்பொருளின் புதிய பதிப்பைப் போடுங்கள்.

ஆறு: இவ்வளவும் பார்த்த பிறகும் சூடு உண்மை என்று தெரிந்தால் உடனே மூடியைத் திறவுங்கள். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நம் ஊர்ச் செம்மண் புழுதி ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்றுப் போகாது. இன்டெல் பெட்டிகளில் ஹீட்சிங்கைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருந்தால் ஒரு பக்கம் தூக்கிவிடும். பத்துப் பதினைந்து வருடப் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். திரையில் 95 காட்டும்போது ஹீட்சிங்க் குளிராக இருந்தால் "உணரி பொய்" என்று அவசரப்பட வேண்டாம். சூடு மேலே வர வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கலாம். புதிய பேஸ்ட் பூசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வேலைகளுக்கு ஒரு மதர்போர்டின் விலை தேவையில்லை.

எல்லா எண்ணும் பொய் என்று எறிந்துவிடாதீர்கள். அறிஞர்கள் அறிவிப்பாளர்களைப் பரிசோதித்தது எல்லாவற்றையும் மறுப்பதற்காக அல்ல, நம்பத் தகுந்ததைக் கண்டுபிடிப்பதற்காக. இயந்திரமும் அப்படித்தான். உணரி எங்கே நிற்கிறது, எதை அளக்கிறது, யார் அதைக் கணக்குப் போட்டார் என்று தெரிந்துவிட்டால், அந்த எண் நல்ல துணை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டிலும் பாடசாலையிலும் மத்ரஸாவிலும் உள்ள ஒவ்வொரு கணனிப் பெட்டியின் பக்கத்திலும் ஒரு சிறு தாளை ஒட்டுங்கள். திகதி, அறையின் சூடு, சும்மா நிற்கும்போது எண், வேலை செய்யும்போது எண், தூசு தட்டிய நாள். மாதம் ஒருமுறை ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வருடத்தில் உங்கள் கணனிக்கு அதன் சொந்த வரலாறு இருக்கும். அடுத்த முறை திரையில் விசித்திரமான ஓர் எண் வந்தால், என்னிடமோ கடையிலோ கேட்பதற்கு முதல் அந்தத் தாளைப் பாருங்கள். இந்தத் தாளை எழுதும் பொறுப்பை வீட்டில் பத்தாம், பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். பாடத்துக்கும் உதவும், பெட்டிக்கும் உதவும்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். படம் அனுப்புபவர்கள் அறையின் சூட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.